கண் வறட்சி: வைத்தியம் இமையிலிருந்து தொடங்குகிறது

கண்ணில் மணல் விழுந்தது போல் உறுத்தல். சாயங்காலமானால் எரிச்சல். திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுத்து மங்குகிறது, இமைத்ததும் தெளிகிறது. மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டால் கால் மணி நேரம் சுகம், அப்புறம் பழைய கதைதான். இப்படியே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் ஏராளம். அவர்கள் போடும் மருந்து தப்பானது என்று சொல்ல முடியாது. ஆனால் அது கண்ணுக்குத் தண்ணீரைத்தான் கொடுக்கிறது. பெரும்பாலானவர்களுக்குக் குறைவது தண்ணீர் அல்ல, அந்தத் தண்ணீர் ஆவியாகாமல் மூடி வைக்கும் எண்ணெய். எண்ணெய் சுரப்பது இமை ஓரத்தில். அங்கே ஒன்றும் செய்யாமல் எத்தனை புட்டி ஊற்றினாலும் நிலைக்காது.

கண்ணீர்ப் படலம்: எங்கே கெடுகிறது

கண்ணின் மேல் எப்போதும் படர்ந்திருக்கும் கண்ணீர்ப் படலத்தின் தடிமன் சுமார் 3 மைக்ரான்தான். அடியில் சளித்தன்மை கொண்ட பகுதி இருக்கிறது. தண்ணீர் வழுக்கி ஓடாமல் கருவிழியில் ஒட்டிக்கொள்ள அதுதான் பிடிப்பு. அதோடு கலந்தபடி கண்ணீர்ச் சுரப்பியிலிருந்து வரும் நீர். எல்லாவற்றுக்கும் மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம். இந்த எண்ணெய் மைபோமியன் சுரப்பிகளிலிருந்து வருகிறது. மேல் இமையில் ஏறத்தாழ 30, கீழ் இமையில் ஏறத்தாழ 25 சுரப்பிகள் இமைக்குள் செங்குத்தாக வரிசையாக நிற்கின்றன. அவற்றின் வாய் இமை முடிகளுக்குச் சற்று உள்ளே, கண்ணைத் தொடும் விளிம்பில் திறக்கிறது. முழுதாக இமைக்கும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு எண்ணெய் பிதுங்கிப் படலத்தில் பரவுகிறது.

நல்ல நிலையில் அது தெளிவான எண்ணெயாக வரும். சுரப்பி அடைத்துக்கொள்ளத் தொடங்கினால் மஞ்சளாகக் கெட்டிப்பட்டு, பற்பசை போலத் திரிந்து நிற்கும். அப்போது நீர் வேகமாக ஆவியாகிறது, மிச்சமிருக்கும் கண்ணீரில் உப்பு கூடுகிறது. உப்பு கூடினால் கண்ணின் மேற்பரப்பு அழற்சி அடைகிறது. அழற்சி வந்தால் சளிப் பகுதியைத் தரும் செல்கள் குறைகின்றன, படலம் இன்னும் சீக்கிரம் உடைகிறது. இந்தச் சுழலில்தான் ஆள் மாட்டிக்கொள்கிறார். தொடங்கிய காரணம் போன பிறகும் வறட்சி தொடர்வதற்கு இதுவே காரணம்.

“எனக்குக் கண்ணீர் கொட்டுகிறது, வறட்சி என்கிறார்களே” என்று பலர் குழம்புகிறார்கள். காற்றில் நின்றாலோ திரையைப் பார்த்தாலோ கண்ணில் நீர் வழிவது வறட்சியின் வழக்கமான அடையாளங்களில் ஒன்று. மேற்பரப்பு காய்ந்து நரம்பு உறுத்தியதும் கண்ணீர்ச் சுரப்பி அவசரமாக நீரை ஊற்றுகிறது. அந்த நீரைப் பிடித்து நிறுத்த எண்ணெய் இல்லாததால் அது கன்னத்தில் வழிகிறது, கண் மறுபடி காய்கிறது.

உங்களுடையது எந்த வகை

வறட்சி இரண்டு வகை: நீர் போதாதது, நீர் நிற்காமல் ஆவியாவது. பலருக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்திருக்கும். மருத்துவரிடம் போகும் முன் ஒரு வாரம் கவனித்துக் குறித்து வைத்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

முதலில் நேரத்தைப் பாருங்கள். காலையில் எழும்போதே மோசமாக இருந்து, இமை ஒட்டிக்கொண்டு, போகப்போகக் குறைகிறது என்றால் இமை ஓர அழற்சியையோ, தூக்கத்தில் இமை முழுதாக மூடாமல் இருப்பதையோ சந்தேகிக்க வேண்டும். காலையில் நன்றாக இருந்து பொழுது சாயச் சாயக் கூடினால் நீர்க் குறைவோ, நாள் முழுக்க ஆவியாதலோ காரணமாக இருக்கலாம்.

அடுத்து நல்ல வெளிச்சத்தில், உருப்பெருக்கும் கண்ணாடி முன் நின்று இமை ஓரத்தைப் பாருங்கள். கீழ் இமையை மெதுவாகச் சற்றுக் கீழே இழுத்தால் விளிம்பில் ஊசி முனை அளவில் வரிசையாகப் புள்ளிகள் தெரியும், அவை சுரப்பி வாய்கள். அவற்றில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மூடி கட்டியிருந்தாலும், விளிம்பு தடித்து அதில் சின்னச் சின்ன இரத்த நாளங்கள் தெரிந்தாலும் பிரச்சினை எண்ணெயில்தான். இமை முடியின் அடியைச் சுற்றி மெழுகுக் குழல் மாட்டினாற்போல் பொடுகு ஒட்டியிருந்தால் அது டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சியின் அடையாளம். அதற்கு வைத்தியம் வேறு, பின்னால் வருகிறது.

இன்னொரு சின்னச் சோதனை: இரண்டு முறை நன்றாக இமைத்துவிட்டு, கண்ணைத் திறந்தபடி ஒரு இடத்தையே பாருங்கள். 10 விநாடிக்குள் எரிச்சலால் இமைத்தே ஆக வேண்டியிருந்தால் படலம் சீக்கிரம் உடைகிறது என்று எண்ணலாம். இதை வைத்து நோயைத் தீர்மானித்துவிட வேண்டாம், குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அரிப்புதான் முதன்மைத் தொல்லை, கண்ணைக் கசக்கியே ஆக வேண்டும் போலிருக்கிறது என்றால் பெரும்பாலும் அது ஒவ்வாமை. வாயும் சேர்ந்து காய்ந்தால், உலர்ந்த உணவை விழுங்கத் தண்ணீர் தேவைப்பட்டால், மூட்டு வலியும் களைப்பும் இருந்தால் ஷோகிரென் நோய்க்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் நோய் அது. 40 வயதைத் தாண்டிய பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. “வயசானால் கண் காயத்தான் செய்யும்” என்ற பேச்சில் பல வருடம் தள்ளிப்போவது இந்த நோய்தான்.

மருத்துவரிடம் என்ன பார்க்கிறார்கள்

பரிசோதனைக்குப் போகும் நாளில் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பிருந்து எந்தச் சொட்டும் போட வேண்டாம், கான்டாக்ட் லென்ஸ் அணிய வேண்டாம், கண் மை வேண்டாம். இல்லாவிட்டால் முடிவு பொய் சொல்லும்.

ஃப்ளூரோசின் என்ற மஞ்சள் சாயத்தைத் தொட்டுவைத்து, கடைசி இமைப்புக்குப் பிறகு படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று நீல ஒளியில் எண்ணுவார்கள். 10 விநாடிக்குக் கீழே என்றால் குறைவு. அதே சாயம் கருவிழியில் பச்சைப் புள்ளிகளாகத் தங்கினால் மேற்பரப்பு சிதைந்திருக்கிறது என்று பொருள். ஷிர்மர் சோதனையில் கீழ் இமைக்குள் ஒரு தாள் பட்டையைத் தொங்கவிட்டு 5 நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று அளப்பார்கள். 10 மி.மீ.க்குக் கீழே சந்தேகம், மரத்துப்போகும் மருந்து போடாமல் 5 மி.மீ. அல்லது அதற்கும் கீழே என்றால் நீர்க் குறைவு நிச்சயமாக இருக்கிறது. வசதியுள்ள இடங்களில் கண்ணீரின் உப்புச் செறிவையும் அளப்பார்கள். லிட்டருக்கு 308 மில்லி ஆஸ்மோலோ அதற்கு மேலோ இருந்தாலும், இரு கண்ணுக்கும் இடையே 8க்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் அசாதாரணம்.

ஒரு விஷயத்தைக் கேட்டே பெறுங்கள்: இமையை அழுத்திச் சுரப்பியிலிருந்து என்ன வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலைதான். ஆனால் அவசரத்தில் அதிகம் விட்டுப்போவது அதுதான். அகச்சிவப்புப் படக்கருவி இருந்தால் சுரப்பிகள் எத்தனை மிச்சம் என்றும் தெரியும். நீண்ட நாள் அடைத்துக் கிடந்து சுருங்கிப்போன சுரப்பி பொதுவாகத் திரும்ப வளராது. ஆகவே எண்ணெய்ப் பிரச்சினையைத் தள்ளிப்போடுவதற்கு விலை உண்டு.

ஒத்தடம், அழுத்தம், சுத்தம்

இந்த மூன்றையும் அந்த வரிசையிலேயே செய்ய வேண்டும். முதலில் சூடு, பிறகு பிழிவு, பிறகு துடைப்பு. வரிசை மாறினால் கெட்டிப்பட்ட எண்ணெயை வெறுமனே அழுத்தி இமையைத்தான் புண்ணாக்குவோம்.

இமைக்குள் இருக்கும் எண்ணெய் இளக, இமையின் வெப்பம் 40 டிகிரி செல்சியசை ஒட்டி வந்து, 5 முதல் 10 நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும். வெந்நீரில் நனைத்த துணி தோற்பது இங்கேதான். பிழிந்து வைத்த இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். துணிதான் இருக்கிறதென்றால் இரண்டு மூன்று துணிகளைத் தயாராக வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் சலித்து விட்டுவிடுவார்கள். மைக்ரோவேவில் சூடாக்கும் மணிகள் நிரப்பிய கண் பட்டையோ, வெப்பநிலையைத் தானே கட்டுப்படுத்தும் மின் பட்டையோ வாங்குவது நல்ல முதலீடு. மைக்ரோவேவ் பட்டையைக் கண்ணில் வைக்கும் முன் மணிக்கட்டின் உட்புறத்தில் 10 விநாடி வைத்துப் பாருங்கள். சுடுகிறது என்று கை இழுத்தால் இமைக்கும் அது அதிகம். இமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது, எளிதில் வெந்துவிடும்.

ஒத்தடம் வைக்கும்போது கண்ணை அழுத்தக் கூடாது. சூடான கருவிழி சற்று இளகியிருக்கும், அதை அழுத்தினால் வளைவு மாறும். ஒத்தடம் எடுத்ததும் சில நிமிடம் பார்வை மங்கலாக இருப்பது இயல்பு. கருவிழி மெலிந்து கூம்பு போலப் பிதுங்கும் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

ஒத்தடம் எடுத்த கையோடு, எண்ணெய் ஆறும் முன், பிழிவு. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவியிருக்க வேண்டும். மேல் இமைக்குக் கீழே பார்த்தபடி, சுட்டுவிரலின் சதைப்பகுதியால் புருவப் பக்கத்திலிருந்து இமை முடியை நோக்கி மெதுவாக வழியுங்கள். கீழ் இமைக்கு மேலே பார்த்தபடி, கன்னப் பக்கத்திலிருந்து முடியை நோக்கி. மூக்கோரம், நடு, வெளியோரம் என்று மூன்று இடங்களில், இடத்துக்கு ஐந்து முறை போதும். விரலுக்குக் கீழே தோல் நகரும் அளவு அழுத்தம், கண் உருண்டை வலிக்கும் அளவு அல்ல. வட்டமாகத் தேய்ப்பதால் பயன் இல்லை. சுரப்பி நிற்கும் திசையிலேயே வழித்தால்தான் வெளியே வரும்.

கடைசியாகத் துடைப்பு. வெளியே வந்த கெட்ட எண்ணெயையும் முடியடிப் பொடுகையும் எடுத்துவிட வேண்டும். இமைக்கென்றே தயாரித்த துடைப்பானோ நுரையோ எடுத்து, கண்ணை மூடி, முடியின் அடியில் இடமிருந்து வலமாகப் பத்துத் தடவை. ஒரு கண்ணுக்கு எடுத்ததை இன்னொரு கண்ணுக்குப் பயன்படுத்த வேண்டாம். நீர் கலந்த குழந்தை ஷாம்பூதான் நெடுநாள் வழக்கம். அது அழுக்கோடு நல்ல எண்ணெயையும் எடுத்துவிடுவதால் சிலருக்கு எரிச்சல் கூடும். 0.01% ஹைப்போகுளோரஸ் அமிலத் தெளிப்பு பெரும்பாலானவர்களுக்கு உறுத்தாது.

டெமோடெக்ஸ் இருந்தால் டீ ட்ரீ எண்ணெய் கலந்த துடைப்பான்கள் கிடைக்கின்றன. சுத்தமான டீ ட்ரீ எண்ணெயைப் புட்டியிலிருந்து நேராக எடுத்து ஒருபோதும் இமையில் தடவாதீர்கள். கருவிழியைச் சுட்டுவிடும். சுரப்பிச் செல்களுக்கும் அது நஞ்சு. 2023இல் 0.25% லோட்டிலானர் என்ற சொட்டு மருந்து இதற்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு நாளைக்கு இரண்டு வேளையாக ஆறு வாரம் போட வேண்டும். உங்கள் நாட்டில் கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒத்தடம், பிழிவு, துடைப்பு மூன்றையும் முதல் மாதம் தினம் இரண்டு வேளை, பிறகு ஒரு வேளை. பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் அடைபட்டது வெளியே வரத் தொடங்குவதால் சிலருக்கு உறுத்தல் சற்றுக் கூடவும் செய்யும். அத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

சொட்டு மருந்து: தேர்வும் கைப்பக்குவமும்

கடையில் இருப்பவற்றில் பாதியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். “சிவப்பைப் போக்கும்” என்று போட்டிருப்பவற்றில் நாஃபசோலின், டெட்ராஹைட்ரோசோலின் போன்றவை இருக்கும். இரத்த நாளத்தைச் சுருக்கிக் கண்ணை வெளுப்பாக்கும். வறட்சிக்கு ஒன்றும் செய்யாது. தொடர்ந்து போட்டால், நிறுத்தியதும் முன்னைவிடச் சிவக்கும். அதைப் பார்த்து மறுபடி போடுவார்கள். எழுதிக்கொடுக்காமல் யாராவது தரும் ஸ்டீராய்டுச் சொட்டையும் தொடாதீர்கள். இரண்டே நாளில் சுகமாக இருக்கும், மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை விழும்.

மீதி இருப்பவை செயற்கைக் கண்ணீர். 0.5% கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், 0.3% ஹைப்ரமெல்லோஸ் ஆகியவை லேசானவை, பகலுக்கு ஏற்றவை. 0.1 முதல் 0.2% சோடியம் ஹயலூரோனேட் சற்று நேரம் கூடுதலாகத் தங்கும். 1% கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் ஜெல் போலக் கெட்டியானது, போட்டதும் பார்வை மங்கும். எண்ணெய்ப் பிரச்சினை உள்ளவர்களுக்குக் கொழுப்புப் பொருள் கலந்த பால் போன்ற சொட்டுகள் பொருந்தும். படுக்கும் முன் பாரஃபின் களிம்பு. இவற்றில் ஒன்று மற்றொன்றைவிட எல்லாருக்கும் சிறந்தது என்று சொல்வதற்கில்லை. ஒன்றை இரண்டு வாரம் ஒழுங்காகப் போட்டுப் பாருங்கள், சரிப்படவில்லையென்றால் வேறு மூலப்பொருள் உள்ளதற்கு மாறுங்கள். வணிகப் பெயர் மாறினாலும் உள்ளே அதே பொருள் இருக்கலாம், அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

அதே பின்பக்கத்தில் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். புட்டியில் கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அது. நாளைக்கு ஒன்றிரண்டு முறை என்றால் பெரும்பாலானவர்கள் தாங்குவார்கள். நான்கு முறைக்கு மேல் போட வேண்டியிருந்தால் அதுவே கண்ணின் மேற்பரப்பை அரிக்கத் தொடங்கும். அப்போது ஒருமுறை பயன்படுத்தும் சிறு குப்பிகளுக்கோ, வால்வு வைத்த பதனப்பொருள் இல்லாத புட்டிக்கோ மாற வேண்டும். கண் அழுத்தத்துக்கு வருடக்கணக்கில் சொட்டு போடுகிறவர்களுக்கு வரும் வறட்சியில் இந்தப் பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மருந்துகளிலும் பதனப்பொருள் இல்லாத வகை இருக்கிறது, கேளுங்கள்.

போடும் முறை: கையைக் கழுவுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை இழுத்து ஒரு பை போல ஆக்கிக்கொள்ளுங்கள். புட்டி முனை எதிலும் படாமல் ஒரே ஒரு சொட்டு. கண்ணில் இயல்பாக நிற்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோ லிட்டர். புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோ லிட்டர். இரண்டாவது சொட்டு முழுக்கக் கன்னத்துக்குத்தான் போகும், முதல் சொட்டையும் அடித்துக்கொண்டு. போட்டதும் படபடவென்று இமைக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் மெதுவாகக் கண்ணை மூடி வைத்திருங்கள். வேறு மருந்தும் போட வேண்டுமானால் குறைந்தது 5 நிமிட இடைவெளி. லேசானது முதலில், கெட்டியானது பிறகு, களிம்பு எல்லாவற்றுக்கும் கடைசி. களிம்பு அரை சென்டிமீட்டர் நீளம் போதும்.

எரிந்த பிறகு போடுவது பாதி பலன்தான் தரும். ஆரம்பத்தில் நான்கு வேளை என்று கடிகாரத்தைப் பார்த்துப் போடுங்கள், வெகுநேரம் திரை முன் உட்காரும் முன்பு ஒன்று. திறந்த புட்டியைப் பொதுவாக 28 நாளில் எறிந்துவிட வேண்டும், லேபிளில் வேறு கணக்கு இருந்தால் அதுதான் சரி. திறந்த நாளைப் புட்டியிலேயே பேனாவால் எழுதிவைக்கும் பழக்கம் நல்லது. சிறு குப்பியை மறுநாளுக்கு வைத்திருக்க வேண்டாம். வீட்டில் உப்பு கரைத்த நீர், பூவிலிருந்து எடுத்த நீர், தேன் என்று எதையும் கண்ணில் விடாதீர்கள். கிருமி நீக்காத நீரில் அகாந்தமீபா போன்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அது கருவிழியில் புகுந்தால் குணமாக மாதங்கள் ஆகும், பார்வையும் போகலாம்.

இமைப்பும் காற்றும்

சாதாரணமாக நிமிடத்துக்கு 15 தடவையாவது இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அது பெருமளவு குறைகிறது. எண்ணிக்கையைவிடத் தரம் முக்கியம். இமைத்த மாதிரி இருக்கும், ஆனால் மேல் இமை கீழ் இமையைத் தொடுவதில்லை. கருவிழியின் கீழ்ப்பகுதி காய்ந்துகொண்டே இருக்கும், சுரப்பியும் பிழிபடாது. ஆகவே 20 நிமிடத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்யுங்கள்: மெதுவாக மூடி இரண்டு விநாடி, திறந்து, மறுபடி மூடி இரண்டு விநாடி, அப்படியே லேசாக இறுக்கி இரண்டு விநாடி. ஐந்து சுற்று. அப்போது தூரத்தில் 6 மீட்டருக்கு அப்பால் 20 விநாடி பார்த்தால் கண் தசைக்கும் ஓய்வு.

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். கீழே பார்க்கும்போது கண் திறப்பு குறுகி ஆவியாகும் பரப்பு குறைகிறது. மேலே பார்க்கும்படி மாட்டிய திரை நேர் எதிர். மின்விசிறி, ஏசி, கார் காற்றுத் துளை எதுவும் முகத்தை நோக்கி வீசக் கூடாது. இதை மாற்றுவதற்குச் செலவே இல்லை, ஆனாலும் கடைசியாகத்தான் செய்கிறார்கள். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60% வரை இருப்பது நல்லது, சிறிய அளவி ஒன்று வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். வெளியே போகும்போது பக்கவாட்டை மூடும் கண்ணாடி பெரிய உதவி.

இரவில் இமை முழுதாக மூடுகிறதா என்று நீங்கள் தூங்கும்போது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் களிம்பும் ஈரம் காக்கும் கண் கவசமும் வேண்டும். குறட்டைக்காக மூச்சுக் கருவி மாட்டித் தூங்குகிறவர்கள் முகமூடியின் மேல் விளிம்பில் காற்றுக் கசிகிறதா என்று பாருங்கள். அந்தக் காற்று நேராகக் கண்ணுக்குத்தான் போகும்.

நீங்கள் சாப்பிடும் மருந்துகளையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வாமை மாத்திரை, அமிட்ரிப்டிலின் போன்ற மனநல மருந்துகள், சிறுநீர் கூட்டும் மாத்திரை, பருவுக்கான ஐசோட்ரெடினோயின், மாதவிடாய் நின்ற பிறகு எடுக்கும் ஈஸ்ட்ரோஜன் ஆகியவை வறட்சியைக் கூட்டலாம். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், மாற்று உண்டா என்று கேளுங்கள். பார்வைக் குறையைச் சரிசெய்யும் லாசிக் லேசர் அறுவை செய்தவர்களுக்குக் கருவிழி நரம்புகள் வெட்டுப்படுவதால் மாதக்கணக்கில் வறட்சி இருக்கும், பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்தில் தணியும். ஏற்கெனவே வறட்சி உள்ளவர்கள் அறுவைக்கு முன்பே அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

அடுத்த கட்டம்

இவ்வளவையும் இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தும் போதவில்லை, அல்லது சாயத்தில் கருவிழிப் புள்ளிகள் தெரிகின்றன என்றால் அழற்சியை அடக்கும் மருந்து தேவை. 0.05% சைக்ளோஸ்போரின் சொட்டு, 2002இல் அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்றது, ஒரு நாளைக்கு இரண்டு முறை. முழுப் பலனுக்கு 3 முதல் 6 மாதம் ஆகும். முதல் சில வாரங்கள் எரியும். எரிச்சலுக்குப் பயந்து இரண்டாவது வாரத்தில் நிறுத்துவதுதான் இந்த மருந்து “வேலை செய்யாததற்கு” அடிக்கடி கிடைக்கும் காரணம். அதனால் தொடக்கத்தில் இரண்டு வாரம் லேசான ஸ்டீராய்டைச் சேர்த்து, கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே குறைத்து நிறுத்துவார்கள். 5% லிஃபிடெகிராஸ்ட் 2016இல் வந்தது, போட்ட பின் வாயில் ஒருவித ருசி தெரியும். ஆவியாதலைத் தடுக்கும் பெர்ஃப்ளூரோஹெக்சில் ஆக்டேன் சொட்டு 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதில் தண்ணீரும் இல்லை, பதனப்பொருளும் இல்லை. 2021இல் வந்த வரெனிக்லின், மூக்கில் அடிக்கும் தெளிப்பு. மூக்கின் நரம்பைத் தூண்டிக் கண்ணீரைச் சுரக்க வைக்கிறது, அடித்ததும் தும்மல் வரும்.

சுரப்பி அழற்சிக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையைக் குறைந்த அளவில் சில வாரம் தருவார்கள். கிருமியைக் கொல்வதைவிட எண்ணெயின் தன்மையை மாற்றுவதே இங்கே நோக்கம். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கும் ஆகாது. நிறையத் தண்ணீரோடு நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டும், வெயிலில் தோல் சீக்கிரம் கருகும்.

நீர்க் குறைவுக்குக் கண்ணீர் வடிகால் துளையை அடைப்பது ஒரு வழி. இமையின் மூக்கோர முனையில் மேலும் கீழுமாக இரண்டு துளைகள் இருக்கும். முதலில் கீழ்த்துளையில் சில நாளில் கரையும் கொலாஜன் அடைப்பை வைத்துப் பார்த்து, ஒத்துவந்தால் சிலிக்கோன். அழற்சி அடங்கும் முன் அடைத்தால் கெட்ட கண்ணீரையே கண்ணில் தேக்கி வைத்ததாகும், எரிச்சல் கூடும். இமையை உள்ளும் புறமும் சூடாக்கிப் பிழியும் கருவிச் சிகிச்சை 12 நிமிடம்தான், பலன் சில மாதங்களுக்கு நிற்கலாம். தீவிர ஒளித்துடிப்புச் சிகிச்சை பல அமர்வுகளாக நடக்கும். தோலின் நிறமிதான் அந்த ஒளியை உறிஞ்சுகிறது, ஆகவே கருத்த தோலில் கொப்புளமும் தழும்பும் வரும் ஆபத்து உண்டு. உங்கள் தோலுக்கு எந்த அளவில் கொடுப்பார்கள், கொடுக்கலாமா என்பதைத் தெளிவாகக் கேட்ட பிறகே சம்மதியுங்கள். மிகக் கடுமையான நிலையில் உங்கள் இரத்தத்திலிருந்தே எடுத்த சீரச் சொட்டு, கண்ணின் வெள்ளைப் பகுதியில் அமர்ந்து உள்ளே நீர் தேக்கி நிற்கும் ஸ்கிலீரல் லென்ஸ் ஆகியவை உண்டு.

மீன் எண்ணெய் மாத்திரையைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். 2018இல் வெளியான பெரிய ஆய்வில் தினம் 3,000 மில்லிகிராம் ஒமேகா-3 ஓராண்டு எடுத்தவர்களுக்கும், அதற்குப் பதில் ஆலிவ் எண்ணெய் எடுத்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பிடித்தால் சாப்பிடுங்கள், அந்தக் காசு கண் பட்டைக்குப் போனால் நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம்.

எந்த மாற்றமானாலும் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஒத்தடம், புதுச் சொட்டு, புது மாத்திரை எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சோதனைகள் எல்லாம் நன்றாக இருந்தும் வலி மட்டும் கடுமையாக இருந்தால் அது கருவிழி நரம்பு வலியாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு. மருத்துவர் மரத்துப்போகும் சொட்டு போட்டுப் பார்த்து இதைப் பிரித்தறிவார். அந்தச் சொட்டை வீட்டுக்குக் கேட்டு வாங்காதீர்கள். வலி தெரியாமலே கருவிழி கரைந்துவிடும்.

தாமதிக்கக் கூடாதவை

ஒரு கண் மட்டும் திடீரெனச் சிவந்து வலிப்பது, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாத கூச்சம், இமைத்தும் தெளியாத மங்கல், சீழ், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, கண்ணில் ரசாயனமோ தூசியோ பட்ட பிறகு தொடங்கிய தொல்லை: இவற்றில் எதுவும் வறட்சிக் கணக்கில் சேராது. ரசாயனம் பட்டிருந்தால் முதலில் குழாய் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். மற்றவற்றுக்கும் அன்றைக்கே கண் மருத்துவர், இரவானால் அவசரப் பிரிவு. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவரானால் அதை உடனே கழற்றுங்கள். தூக்கி எறிய வேண்டாம். லென்ஸையும் அதன் டப்பாவையும் ஊறும் திரவத்தோடு கூடவே எடுத்துப் போங்கள். எந்தக் கிருமி என்று ஆய்வகத்தில் அதிலிருந்து வளர்த்துப் பார்ப்பார்கள்.